மாறுதலாகி வரும் காக்கி

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் வரிசை வாசல்வரை நிற்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் வியாபாரம் செய்கிற அம்மாக்கள், நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தவர்கள், ஹார்பரில் ரிட்டயர் ஆன பெரியவர்கள். அந்த வரிசையில் மப்டியில் ஒருத்தர். முடிவெட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது போலீஸ் என்று. கவுண்டருக்கு முன்னால் வந்ததும், "என்னடா தம்பி, ஆளு தெரியலியா?" என்றார்.

எங்கள் தெரு அண்ணன். திண்டிவனம் பக்கத்தில் எங்கள் சேரியிலிருந்து முதன்முதலாகப் போலீஸ் வேலைக்குப் போனவர். 2003இல் அவருக்கு ஆர்டர் வந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தெருவே கூடி நின்று பஸ் ஏற்றிவிட்டது. பட்டாலியன், அப்புறம் ஆயுதப்படை, அப்புறம் லோக்கல் ஸ்டேஷன் என்று சுற்றி, இப்போது ஏட்டு. இருபது வருஷத்துக்கு மேல் மாவட்டங்களிலேயே கிடந்தவர், பிள்ளைகள் படிப்புக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்திருக்கிறார். சம்பளக் கணக்கை எங்கள் கிளைக்கு மாற்ற வேண்டும். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டேன்.

"வீடே இன்னும் கெடைக்கல தம்பி. மொதல்ல நீங்க எந்த ஆளுங்கன்னு கேக்குறான். அதச் சொல்லாம சமாளிச்சா, என்ன வேலைன்னு கேக்குறான். போலீஸ்னு சொன்னா அதுக்கும் வேணாங்கிறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவொற்றியூரில் வீடு தேடி நானும் ஒரு வருஷம் அலைந்தவன்.

மதியம் கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் காக்கியைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். காக்கி என்றால் பூட்ஸ், காக்கி என்றால் லத்தி என்று போகும் கவிதை. பலர் பாராட்டினார்கள். அண்ணன் அதைப் படித்திருக்கிறார். "நல்லாத்தான் எழுதியிருந்த. அதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை நாம் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

2

மாறுதல் என்பது அரசு ஊழியனுக்குச் சாதாரண விஷயம். நானும் மாறுதல் கேட்டு வந்தவன்தான். சீனியாரிட்டியை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இங்கே வந்தேன். போலீசிலும் அதே கதை. தானாகக் கேட்டு ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்குப் போனால், புது இடத்தில் கடைசி ஆளாக உட்கார வேண்டும். மாறிப்போகிற போலீஸ்காரருக்குக் கையில் கொடுக்கிற காகிதத்துக்கு அவர்கள் பாஷையில் பேர் 'பாஸ்போர்ட்'. "பாஸ்போர்ட்டோட வந்தேன். சீனியாரிட்டிய வாசல்லயே வாங்கி வச்சிக்கிட்டாங்க. சாதிய மட்டும் உள்ள கொண்டாந்துக்கன்னு விட்டுட்டாங்க" என்றார் அண்ணன்.

சிட்டியில் யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். முதல் நாள் ரோல்கால் முடிந்ததும் கேட்டது: "எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியாதா?

அதன்பிறகு வேலைப் பங்கீடும் அதற்குத் தகுந்த மாதிரிதான். குடிசைப் பகுதிக்குள் பிரச்சினை என்றால் இவரைத்தான் முன்னால் அனுப்புகிறார்கள். "உங்க ஆளுங்கதானே, போய்ப் பேசு" என்று. "உள்ள போனா பசங்க என்னைப் போலீஸுங்கிறான். ஸ்டேஷனுக்குத் திரும்பினா இவன் என்னைச் சேரிங்கிறான். நடு ரோட்டுலதான்டா என் டூட்டி."

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நமக்கு 18 சதவீதம் இருக்கிறது. அதை வாங்கப் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் உள்ளே எடுத்த ஆளை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, யாரை எழுத்து வேலைக்கு வைப்பது, யாரை அதிகாரி வீட்டில் நாய்க்குட்டியைக் குளிப்பாட்ட அனுப்புவது என்பதற்கு ரோஸ்டர் கிடையாது. ஆர்டர்லி முறையை 1979இலேயே ஒழித்துவிட்டதாக அரசாணை. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் கண்டித்து, அடியோடு ஒழிக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று வருஷம் காகிதத்தில் ஒழிந்த ஒன்று வீட்டுக் கொல்லையில் உயிரோடு இருந்திருக்கிறது. தீண்டாமையும் அப்படித்தானே?

3

நான் பேச வந்தது அண்ணனின் சங்கடம் மட்டும் இல்லை. மாறுதலாகி வருகிறவரை 'அனுபவம் உள்ள அதிகாரி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எந்த அனுபவம்? யாரிடம் பெற்ற அனுபவம்?

டீக்கடையில் அண்ணன் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் இவர் கொஞ்ச நாள் ரைட்டர் வேலை பார்த்திருக்கிறார். கோயில் தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடந்ததற்காக மகனை அடித்துவிட்டார்கள் என்று ஒரு தாய் புகார் கொண்டுவந்தாள். நம்ம ஜனம். மேலதிகாரி அவளை மூன்று மணி நேரம் வாசலில் உட்கார வைத்தார். அதற்குள் அடித்தவர்கள் தரப்பிலிருந்து ஒரு புகார் வந்து சேர்ந்தது. இரண்டையும் பதிவு செய்யச் சொன்னார். ஒன்றுக்கொன்று எதிர் வழக்கு. அந்தத் தாயின் மகன்மேல் போட்ட வழக்கை எழுதியது இவர் கை.

"நான்தான் எழுதினேன் தம்பி. கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னை எழுதச் சொன்னாங்க. அந்தம்மா என்னைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. நான் யாருன்னு அதுக்குத் தெரியும்."

அப்புறம் என்ன ஆகும்? இரு தரப்பும் சமாதானம் ஆகும். சமாதானம் என்றால் நாம் புகாரை வாங்கிக்கொள்வது. இந்த எதிர் வழக்கு வித்தை தெரிந்தவரைத்தான் மாவட்டங்களில் 'சட்டம் ஒழுங்கைத் திறமையாகக் கையாள்பவர்' என்கிறார்கள். அவர் சர்வீஸ் புத்தகத்தில் இது கறையாக ஏறாது. பதற்றத்தைத் தணித்தார் என்று நற்பதிவு ஏறினாலும் ஆச்சரியம் இல்லை. போலீஸ்காரனுக்கு மெமோ வருவது பாராவில் தூங்கினதற்கு, பந்தோபஸ்துக்குத் தாமதமாகப் போனதற்கு. சேரிக்காரியை மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார வைத்ததற்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்தைச் சூறையாடியது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடுவில் போன அந்தப் பத்தொன்பது வருஷத்தில் இவர்களில் எத்தனை பேர் எத்தனை ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பார்கள்? எத்தனை நாற்காலிகளில் 'அனுபவசாலி' என்று உட்கார்ந்திருப்பார்கள்?

1995 ஆகஸ்டில் கொடியங்குளத்துக்குள் புகுந்தவர்கள், 1999 ஜூலை 23இல் தாமிரபரணிக்குள் பதினேழு உயிர்களைத் துரத்தியவர்கள், 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் சுட்டவர்கள் – இவர்களெல்லாம் அந்தந்த ஊரிலேயே ரிட்டயர் ஆகியிருப்பார்களா? மாறுதல் என்பது இந்த நாட்டில் ஒரு தண்டனை மாதிரிப் பேசப்படுகிறது. 'உடனடியாக இடமாற்றம்' என்று டிவியில் ஓடும். மக்களும் சமாதானம் ஆகிவிடுவார்கள். ஒரு ஊரில் வேண்டாத ஆளை இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அந்த இன்னொரு ஊர் என்ன பாவம் செய்தது?

4

சிட்டிக்கு வருவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. நம் தோழர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சென்னை மாகாணத்தில் நவீன போலீஸ் பிறந்ததே சித்திரவதைக் கதையிலிருந்துதான். வரி கட்டாத குடியானவனின் விரலைக் கிட்டி போட்டு நசுக்கியது, அண்ணாந்தாள் கட்டி வெயிலில் நிறுத்தியது எல்லாவற்றையும் 1855இல் ஒரு விசாரணைக் கமிஷன் வெள்ளைக்கார அரசுக்கே அறிக்கையாகக் கொடுத்தது. வரி வசூலையும் போலீசையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அதில் வலுத்து, 1859இல் மாவட்டங்களுக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. நகரத்துக்கு அதற்கு முன்பே வேறு சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று நகரங்களுக்கும் 1856இல் ஒரு போலீஸ் சட்டம். எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் திறந்ததும் அதே 1856தான். ரயிலும் கமிஷனரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1888இல் சென்னை நகரப் போலீஸ் சட்டம் வந்தது.

ஆக, ஆரம்பத்திலிருந்தே ஊருக்கு ஒரு சட்டம், நகரத்துக்கு ஒரு சட்டம். வித்தியாசம் என்ன? மாவட்டத்தில் எஸ்.பி. இருக்கிறார், அவர் பக்கத்தில் கலெக்டர் இருக்கிறார். குண்டர் சட்டத்தில் ஒருத்தனை உள்ளே தள்ள வேண்டும் என்றால் போலீஸ் கேட்க வேண்டும், கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். கலெக்டர் நம் பக்கம் என்று சொல்லவில்லை. குறைந்தபட்சம் இரண்டு மேசைகள். நகரத்தில் ஒரே மேசை. 1982ஆம் வருஷத்து 14ஆம் சட்டப்படி இன்ஸ்பெக்டர் சிபாரிசு செய்கிறார், கமிஷனர் உத்தரவு போடுகிறார். கேட்பதும் போலீஸ், கொடுப்பதும் போலீஸ். ஒரு வருஷம் வரைக்கும் விசாரணையே இல்லாமல் சிறை. தடுப்புக் காவலில் ஆள் அடைப்பதில் இந்தியாவிலேயே முன்வரிசையில் நிற்கிற மாநிலங்களில் ஒன்று நம் தமிழ்நாடு. எந்தத் தெருப் பையன்கள் உள்ளே போகிறார்கள் என்று புழல் சிறை வாசலில் மனு பார்க்க நிற்கிற தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குகிற மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் போலீஸ் துணை கமிஷனர்களுக்கே கொடுத்து 2013, 2014இல் அரசாணைகள் போட்டார்கள். 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அதுவரை எத்தனை பையன்கள் போலீசே நீதிபதியாக உட்கார்ந்த அறையில் கைகட்டி நின்றிருப்பார்கள்?

அதனால்தான் மாவட்டத்திலிருந்து நகரத்துக்கு வருகிற அதிகாரியின் பழைய கணக்கு நமக்கு முக்கியம். அங்கே ஒரு கையால் செய்ததை இங்கே இரண்டு கையாலும் செய்யலாம்.

5

இன்னொரு மாறுதலையும் பாருங்கள். ரவுடிப் பட்டியலில் இருக்கிற பையனுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் 'ஹிஸ்டரி ஷீட்' என்று ஒரு ஏடு இருக்கும். அப்பன் பெயர், கூட்டாளிகள், அங்க அடையாளம், எங்கே சாப்பிடுவான், எங்கே தூங்குவான் எல்லாம் அதில். அவன் வீடு மாறினால் அந்த ஏடு அவன் போகிற ஸ்டேஷனுக்கு மாறுதலாகிப் போகும். வடசென்னையில் குடிசையைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புகிறார்கள். பாத்திரம் பண்டம் பாதி வழியில் தொலையும். பிள்ளைகள் படிப்பு தொலையும். ஹிஸ்டரி ஷீட் தொலையாது. அவனுக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒரு பையன் பதினெட்டு வயசில் செய்த அடிதடி நாற்பது வயசிலும் அவனைத் தேடிவரும். ஒரு இன்ஸ்பெக்டர் முப்பத்தைந்து வயசில் செய்த லாக்கப் அடி, அவர் உதவி கமிஷனராகி நம்ம ஏரியாவுக்கு வரும்போது எங்கே இருக்கும்? நம் கண்ணில் படுகிற மாதிரி எங்கேயும் இருக்காது. சேரிக்காரனுக்கு இருக்கிற ஹிஸ்டரி அதிகாரிக்கு இல்லை.

2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷன் விவகாரத்தில் ஒரு இளைஞர் இறந்தார். ஜூனில் கொடுங்கையூர் ஸ்டேஷனில் இன்னொருவர். இரண்டும் சென்னை நகரப் போலீஸ். இரண்டு மாத இடைவெளி. செத்தவர்கள்மேல் என்னென்ன வழக்கு இருந்தது என்று முதல் நாளே பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிட்டது. அடித்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் அதற்கு முன் எந்தெந்த ஸ்டேஷனில் என்னென்ன செய்திருந்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுத நினைத்தாலும் ஏடு எங்கே?

6

இனி எனக்கே கசப்பான இடத்துக்கு வருகிறேன்.

2024 ஜூலை 5. பெரம்பூரில் அண்ணன் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர். வடசென்னைப் பிள்ளைகள் பலரைச் சட்டம் படிக்க வைத்தவர். சொந்தத் தெருவில், வீட்டு வாசலில், ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில். மூன்றே நாளில், ஜூலை 8 அன்று, நகரக் கமிஷனரை மாற்றினார்கள். சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யாக இருந்த அருண் புதுக் கமிஷனராக வந்தார். பழுத்த அனுபவம் என்று எல்லோரும் எழுதினார்கள். ரவுடிகளுக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் சொல்வோம் என்று வந்த உடனே பேட்டி கொடுத்தார்.

ஜூலை 14 அதிகாலை. அந்தக் கொலை வழக்கில் பிடிபட்டு, கையில் இருந்த ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை எடுத்துக் காட்டக் கூட்டிப்போனபோது தப்பிக்கப் பார்த்தார் என்றார்கள். செப்டம்பரில் வியாசர்பாடியில் ஒருவர். சில நாளில் நீலாங்கரையில் ஒருவர்.

அந்த ஜூலை 14 காலையில் செய்தியைப் பார்த்ததும் நான் கைதட்டினேன். வெளியில் சொல்லாமல், மனசுக்குள். நம் தலைவரைக் கொன்றவனுக்கு இது வேண்டும் என்று. நம்மில் பல பேர் தட்டியிருப்போம். மத்தியானம் பேங்கில் உட்கார்ந்து நோட்டு எண்ணும்போதுதான் உறைத்தது. செத்தவன் வாயைத் திறந்து யார் காசு கொடுத்தார்கள், யார் ஏவினார்கள் என்று இனி கோர்ட்டில் சொல்லப் போவதில்லை. கொன்ற கை போய்விட்டது. கொல்லச் சொன்ன வாய் யாருடையது என்பதற்கு ஒரு சாட்சி குறைந்தது. நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

அதுமட்டும் இல்லை. துப்பாக்கி மொழி ஒரு தடவை நம் எதிரியிடம் பேசினால் அடுத்த தடவை நம் தம்பியிடம் பேசும். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் 'ரவுடி' என்ற சொல் எந்தத் தெருவைக் குறிக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அமைதி வேண்டுமென்றால் ஆதிதிராவிடர்களைப் புளியந்தோப்பிலிருந்து கிளப்பிவிடலாம் என்று அப்போதும் பேச்சு வந்தது. நூறு வருஷம் கழித்தும் வடசென்னையின் பிரச்சினை என்றால் வடசென்னையின் ஜனம்தான் என்கிற புத்தி அப்படியே இருக்கிறது. அனுபவம் உள்ள அதிகாரி இந்தப் புத்தியையும் சேர்த்துத்தானே அனுபவமாகக் கொண்டுவருகிறார்?

பாபாசாகேப் நமக்குச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நமக்கு வேண்டியது சட்டத்தின் மொழி. நாற்காலியில் யார் வந்தாலும் அதைத்தான் கேட்க வேண்டும். நான் கைதட்டியது தப்பு. இந்தப் பக்கத்தில் அதை எழுதி வைக்கிறேன்.

7

எண்ணூர்க் கதை இன்னும் வேடிக்கை. அங்கே ஆள் மாறவில்லை, ஏரியாவே மாறுதலாகிப் போனது. 2011இல் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி நகராட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். முதல் மண்டலமே திருவொற்றியூர்தான். 2022 ஜனவரி 1இல் சென்னைப் போலீசைப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புது கமிஷனரேட். எண்ணூர் ஆவடிக்குப் போனது. வீட்டு வரி சென்னைக்கு, போலீஸ் புகார் ஆவடிக்கு. கடலோரத்து ஜனத்துக்குக் கமிஷனர் ஆபீஸ் கடலே இல்லாத ஊரில்.

2023 டிசம்பர் எண்ணூருக்கு மறக்க முடியாத மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து படிந்தது. அது காய்வதற்குள் 26ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கத்தில் ஒரு உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் இருட்டில் ஓடியது. என் மனைவியின் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

பந்தலுக்கு எதிரே நிற்கிறவருக்கு என்ன அனுபவம் வேண்டும்? காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தக் குப்பத்துக்கு மூச்சுத் திணறும், ராத்திரி யாரை எழுப்ப வேண்டும், எந்தச் சந்து வழியாகக் கிழவிகளை வெளியே கொண்டுபோகலாம் – இது தெரிந்தவர் அனுபவசாலி. 2018 மே மாதம் தூத்துக்குடியில் பதின்மூன்று பேர் செத்தார்கள். ஆலை வேண்டாம் என்று கேட்ட ஜனத்துக்குத் துப்பாக்கியால் பதில் சொல்லத் தெரிந்த அனுபவம் எண்ணூருக்கு வேண்டாம்.

8

சரி, என்ன கேட்பது? கோபம் மட்டும் போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருஷத்து விதிகளில் 13ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் போடுகிற அதிகாரிகளுக்கு நம் மக்கள் பிரச்சினை பற்றிய சரியான மனப்பாங்கும் புரிதலும் இருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் மட்டத்திலும் நம் ஆட்களுக்குப் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எவ்வளவு நல்ல விதி! ஆனால் வன்கொடுமை என்றாலே தேநீர்க்கடையும் கோயில் தேரும் உள்ள கிராமம்தான் என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாடகை வீடு கொடுக்காததும், ரோல்காலில் 'ஊர்ல எந்தப் பக்கம்' என்று கேட்பதும் எந்தக் கணக்கு? 13ஆவது விதியை ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் கேட்க வேண்டும்.

இந்தச் சட்டப்படி வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. நகரத்தில் அது உதவி கமிஷனர். ஆகவே உதவி கமிஷனராக வருகிறவர் மாவட்டத்தில் எத்தனை வன்கொடுமை வழக்கு விசாரித்தார், எத்தனையைப் பொய் வழக்கு என்று மூடினார், எத்தனைக்கு எதிர் வழக்கு வாங்கினார் என்ற கணக்கு அவரோடு வர வேண்டும். அது ஜனம் பார்க்கிற கணக்காக இருக்க வேண்டும். கடமையில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டுகிற, நம் சமூகத்தைச் சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் சிறை என்று அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைப் பிரயோகிக்கச் சொல்லி நாம் எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்? கை விட்டு எண்ணிவிடலாம்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் போலீஸ் மேல் புகார் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு ஆணையம் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2013இல் ஒரு சட்டம் போட்டார்கள். நீதிபதிக்குப் பதில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தார்கள். போலீசைப் பற்றிப் போலீஸ் இலாகாவின் தலைவரிடமே புகார். வங்கியில் கையாடல் நடந்தால் கையாடியவரின் மேலாளரையே தணிக்கைக்கு வைக்கிற மாதிரி.

அண்ணன் மாதிரி ஆட்கள் பற்றியும் பேச வேண்டும். எனக்கு மேனேஜர் அநியாயம் செய்தால் யூனியன் இருக்கிறது; கேட்டில் கொடி பிடிக்கலாம். அவருக்கு 1966ஆம் வருஷத்துச் சட்டம் சங்கமே கூடாது என்கிறது. வாரம் ஒரு நாள் லீவு என்று 2021இல்தான் அரசாணை வந்தது. மேலதிகாரி சாதி சொல்லித் திட்டினால் அவர் எங்கே போவார்? அதே ஸ்டேஷன் ரைட்டரிடமா? காக்கி போட்ட நம் ஆளை நாம் துரோகி என்று ஒதுக்கினோம். அவனும் அந்தத் தனிமையில் அந்த எதிர் வழக்கை எழுதினான். எழுதியது அவன் குற்றம், அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் எழுத மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் அவன் பின்னால் நிற்க நம்மிடம் என்ன இருந்தது? இந்தக் கேள்வியை இயக்கத் தோழர்கள்முன் வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

டீ குடித்து முடித்து அண்ணன் எழுந்தார். "அந்தம்மா மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குதுடா. அதயும் ஒரு கவிதையா எழுதிடாத" என்றார். எழுதவில்லை. கட்டுரையாக எழுதுகிறேன் என்று கேட்டு, ஊரையும் ஸ்டேஷனையும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதம் வாங்கினேன்.

மறுநாள் ஒரு வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். நம்ம தோழர் ஒருவர் வீட்டு மாடி. கணக்கை மாற்றிக் கொடுத்தேன். "புது நம்பர் எப்ப வரும்?" என்று கேட்டார். கிளை மாறினாலும் கணக்கு நம்பர் மாறாது அண்ணே, பழைய வரவு, பழைய கடன், பழைய பாக்கி எல்லாம் கூடவே வரும் என்றேன்.

கொஞ்ச நேரம் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்படித்தான்டா இருக்கணும்."